பழைய சாமானில் இழிவில்லை

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி ஒரு லோடு ஆட்டோ வருகிறது. பின்னால் ஒரு பழைய மரக்கட்டில், கதவு சரியாகச் சாத்தாத ஒரு இரும்பு பீரோ, இரண்டு ஒயர் நாற்காலிகள். சாமானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறவர் மாந்தோப்பில் மருந்தடிக்கும் நம் கூலித் தோழர். டீக்கடையில் நிற்கும் நம்மாளே கேட்கிறார்: “ஏனுங்க மாமா, ஆரு வீட்டு எச்சில் சாமானுங்க இது?” சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கட்டில் வாங்கியவர் தலையைக் குனிந்துகொள்கிறார்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத விரும்புகிறோம். கூலி, ரேஷன், ஜாதிச் சான்றிதழ் என்று எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, கட்டிலும் பீரோவும் சங்கப் பத்திரிகையில் எழுதத் தக்க விஷயமா என்று சிலர் கேட்கலாம். தக்க விஷயம்தான். நம் குடும்பங்களின் கூலிப் பணம் எந்தெந்த ஓட்டையில் ஒழுகிப் போகிறது என்று பார்த்தால், ஒரு பெரிய ஓட்டை இந்தச் சிரிப்பில் இருக்கிறது. பழைய கட்டில் வாங்க வெட்கப்பட்டவன், மறு வாரமே தவணைக்காரன் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுகிறான்.

எச்சில் என்றால் யாருடைய எச்சில்?

1970-களுக்குப் பிறகு அரபு நாடுகளுக்குப் போன மலையாளிகளின் உழைப்பால் கேரளத்தில் பணம் புழங்கிற்று. ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டன. கான்கிரீட் வீடுகள் எழுந்தன. புது வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தது. தேக்கிலும், ஈட்டியிலும், பலாவிலும், அயினியிலும் ஆசாரிமார் செய்த கட்டிலும் மேஜையும் பெட்டியும் பின்கட்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் போயின. அங்கிருந்து ‘ஆக்ரி’ வண்டியில் ஏறின.

அந்த வண்டியைத் தள்ளியவர்களில் பெரும்பாலோர் யார்? கிணறு வெட்டவும், அம்மி கொத்தவும், ரோட்டுக்குத் தார் போடவும் மலையாளக் கரைக்கு வந்த நம் ஜனங்கள்தாம். வீடு வீடாக ஏறி இறங்கி, பழையதை விலை பேசி எடுத்து, பிரித்து, தூக்கி, கடையில் சேர்ப்பவன் தமிழன். அதை வாங்கிப் போட்டுக்கொண்டால் மட்டும் தமிழனுக்கு இழிவு! இது என்ன நியாயம்?

பணக்காரர்கள் பழையதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவிலும், நம் காரைக்குடியிலும் பழைய மரச்சாமானுக்கென்றே கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பெயர்த்த தூணும் கதவும் பெரிய ஓட்டல்களிலும் பங்களாக்களிலும் போய் நிற்கின்றன. அவர்கள் வாங்கினால் அது கலைப்பொருள். நாம் வாங்கினால் ஆக்ரி. மரம் ஒன்றுதான், ஆணி ஒன்றுதான். வாங்குகிறவனின் சட்டைப்பையைப் பார்த்துத்தான் பெயர் மாறுகிறது.

இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-ல் மறைந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கரைக் கேரளம் முழுவதும் அறியும். இடித்த வீட்டு ஓட்டையும், கதவையும், ஜன்னலையும் தேடி எடுத்துப் புது வீட்டில் வைத்தவர் அவர். அவர் கட்டிய வீடுகளைப் பார்க்க இன்றும் மாணவர்கள் வருகிறார்கள். இதே வேலையை நம் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். அவர்களைப் பார்க்க யாரும் வருவதில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். காசு கொடுத்து வாங்கும் பழைய சாமான் வேறு; கூலிக்குப் பதிலாகத் தலையில் கட்டப்படும் பழைய சாமான் வேறு. வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிகளிடம், ஓணம் வரும்போது, “இந்தப் பழைய சோபாவை எடுத்துக்கொள்” என்று சொல்லி, கொடுக்கவேண்டிய பணத்தை விழுங்கிவிடும் எஜமானிகள் உண்டு. அன்பாக ஒரு பொருளைத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கூலியும் போனஸும் பணமாகத்தான் வரவேண்டும். “சாமான் வேண்டுமென்றால் நாங்களே விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் அம்மா, பணத்தைக் கொடுங்கள்” என்று சொல்லப் பழகுங்கள். நாம் சொல்லும் மானம் இதில்தான் இருக்கிறது.

தவணைக் கட்டிலின் கணக்கு

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாசலுக்கு வரும் தவணை வியாபாரியிடம் கட்டில் விலை 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 2,000, பிறகு வாரம் 350 வீதம் 52 வாரம். மொத்தம் 20,200 ரூபாய். பழைய கடையில் 3,500 ரூபாய்க்கு ஒரு கட்டில், ஆசாரி கூலி 1,000, நாடா 500, உப்புத்தாள், வார்னிஷ் 500. மொத்தம் 5,500 ரூபாய். வித்தியாசம் 14,700. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கூட்டிக்கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது ஒரு பிள்ளையின் ஒரு வருஷப் படிப்புச் செலவாக இருக்கும்.

அந்த 14,000 ரூபாய்க் கட்டில் எதனால் ஆனது? பெரும்பாலும் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. மேலே மரம் போல் ஒட்டிய தாள். இடவப்பாதி மழையில் சுவர் கசிந்து ஒரு முறை நனைந்தால் பலகை ரொட்டி போல் ஊதிவிடும். ஊதிய பலகையில் திருகாணி நிற்காது. துலா மழை வருவதற்குள் கட்டில் ஆடத் தொடங்கும். கட்டில் போய்விடும்; தவணை நிற்கும். தவணை கட்ட வட்டிக்கடன், வட்டி கட்டக் குழுக்கடன் என்று சங்கிலி நீளும். ‘பிளேடு’ என்று மலையாளிகள் சொல்லும் வட்டிக்காரர்கள் மீது கேரள சர்க்கார் 2014-ல் ‘ஆபரேஷன் குபேரா’ என்ற பெயரில் போலீஸ் நடவடிக்கை எடுத்தது. நடவடிக்கை வந்து போயிற்று. கடன் வாங்கும் அவசியம் நம் வீட்டில் இருக்கும்வரை வட்டிக்காரன் வேறு பெயரில் வந்துகொண்டுதான் இருப்பான்.

பார்த்து வாங்குவது எப்படி?

பழையது எல்லாம் நல்லது என்று நாம் சொல்லவில்லை. பார்க்கத் தெரியாமல் வாங்கினால் அதுவும் வீண் செலவுதான். பொள்ளாச்சியிலோ, உக்கடத்திலோ, கம்பத்திலோ, எந்தக் கடையில் வாங்கினாலும் அனுபவப்பட்ட நம் தோழர்கள் சொல்வதைக் கவனியுங்கள்.

மரக்கட்டில் என்றால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கம் பாலிஷ் போட்டு ஏமாற்றலாம். அடிப்பக்கம் பொய் சொல்லாது. விரலால் தட்டுங்கள். கெட்டியான மரம் ஒரு சத்தம் தரும்; உள்ளே அரித்த மரம் பொள்ளென்று சத்தம் தரும். சிறு துளையும், துளைக்குக் கீழே மாவு போன்ற பொடியும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது, விட்டுவிடுங்கள். ஒரு ஆணியால் கால்களைக் குத்திப் பாருங்கள். ஆணி சுலபமாக இறங்கினால் வேண்டாம். கட்டில் ஆடுகிறது என்பது மட்டும் பெரிய குற்றமில்லை. பொருத்து தளர்ந்திருக்கும், பிரித்து, பசை வைத்து, ஆப்பு அடித்தால் நின்றுவிடும்.

மூட்டைப்பூச்சிதான் எல்லோருக்கும் பயம். கட்டிலை வீட்டுக்குள் ஏற்றாமல் முற்றத்திலேயே பிரித்துப் போடுங்கள். பொருத்து, சந்து, ஆணித்துளை எல்லாவற்றிலும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். நல்ல வெயிலில் காய வையுங்கள். ஒரு முறை போதாது. முட்டை பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆகவே பத்து நாள் கழித்து மறுபடியும் ஊற்றுங்கள். தோப்பு மருந்தைக் கட்டிலில் தெளிக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்தக் கட்டிலில்தான் நம் குழந்தை படுக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

இரும்பு பீரோவில் முதலில் பார்க்கவேண்டியது அடித்தட்டு. தரை கழுவிய தண்ணீர் பட்டுப்பட்டு அங்கேதான் துரு பிடிக்கும். விரலால் அழுத்தினால் உதிருமானால் எடை போட்டு விற்கத்தான் அது உதவும். மேல்துரு மட்டும் என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, அது காய்ந்த பின் பெயின்ட் இரண்டு கை அடித்தால் புதுசு போல் நிற்கும். சாவி இல்லாத பீரோவுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். பூட்டு மாற்றும் செலவு உங்களுடையது.

ஒற்றை அறை வீட்டில் ஒரு சாமான் இரண்டு வேலை செய்யவேண்டும். பழைய மரப்பெட்டி உட்காரவும் ஆகும், துணி வைக்கவும் ஆகும். கட்டிலின் காலுக்கு மரக்கட்டை கொடுத்து அரை அடி உயர்த்தினால் அடியில் அரிசி டின்னும் பாத்திரமும் போகும். இடித்த வீட்டு ஜன்னல் பலகை சுவரில் தட்டாகும். பழைய கதவு ஒன்றைப் படுக்க வைத்து நான்கு கால் அடித்தால் பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் மேஜையாகும். பகலில் படிப்பு மேஜை, இரவில் அதன்மேல் சுருட்டிய பாய். மற்ற எந்தச் சாமானுக்கும் முன்னால் இந்த மேஜையைப் போடுங்கள் என்பது எங்கள் வேண்டுகோள். தரையில் குனிந்து எழுதி வளர்ந்த தலைமுறை நம்மோடு முடியட்டும்.

வாங்கவே கூடாதவை

சில பழைய பொருள்களைச் சும்மா கொடுத்தாலும் தொடக்கூடாது.

முதலாவது, மருந்து டின்னும் டிரம்மும். முதலமடை மாந்தோப்புகளில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். எண்டோசல்பான் என்ன செய்தது என்று காசர்கோட்டைக் கேட்டால் தெரியும். சுப்ரீம் கோர்ட் 2011 மே மாதம் நாடு முழுவதும் அதற்குத் தடை போட்டது. ஆனால் வேறு பெயர்களில் மருந்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. மருந்து இருந்த பிளாஸ்டிக்கை எத்தனை தரம் கழுவினாலும் விஷம் முழுவதும் போகாது. தண்ணீர் பிடிக்கவோ, அரிசி கொட்டவோ, குழந்தையைக் குளிப்பாட்டவோ அதை உபயோகிக்காதீர்கள். காலி டின்னை ஓட்டை போட்டுத் தோட்டத்துக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அதை அப்புறப்படுத்துவது அவர் பொறுப்பு.

இரண்டாவது, பழைய பெயின்ட் அடித்த தொட்டிலும் குழந்தை நாற்காலியும். முற்காலப் பெயின்ட்களில் ஈயம் அதிகம். ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. குழந்தை மரத்தைக் கடிக்கும். ஈயம் வயிற்றுக்குள் போகும். மூளை வளர்ச்சி கெடும். பெரியவர்கள் உபயோகிக்கும் பழைய சாமானிலும் பெயின்ட்டைச் சுரண்டும்போது நனைத்துச் சுரண்டுங்கள். தூள் பறக்க விடாதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

மூன்றாவது, பழைய மெத்தை. கட்டில் பழையதாகலாம், மெத்தை ஆகாது. நான்காவது, காஸ் அடுப்பின் ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும். அடுப்பைப் பழையதாக வாங்கினாலும் குழாயைப் புதிதாக வாங்குங்கள். குக்கர் வாங்கினால் கேஸ்கட்டும் சேப்டி வால்வும் புதிதாக மாற்றுங்கள். மின்விசிறியைப் பழையதாக வாங்கலாம். ஆனால் கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடாகிறதா, காந்தல் வாடை வருகிறதா என்று பாருங்கள். ஒட்டுப்போட்ட ஒயரோடு எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1902-ல் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் ஒரு காரியம் செய்தார். அவருடைய திருச்சபை இருந்த பகுதி, பிழைப்புத் தேடிப் பல நாடுகளிலிருந்து வந்த ஏழைகள் நிறைந்த பகுதி. அவர் பணக்கார வீடுகளில் பழைய துணியும் சாமானும் சேகரித்தார். அவற்றைச் சும்மா பங்கிட்டுக் கொடுக்கவில்லை. வேலையில்லாதவர்களையே கூலி கொடுத்து அவற்றைப் பழுது பார்க்க வைத்தார். குறைந்த விலையில் விற்றார். இன்று பல நாடுகளில் கடைகள் வைத்திருக்கும் ‘குட்வில்’ ஸ்தாபனம் அப்படித்தான் பிறந்தது. தர்மம் வாங்கிய கை உழைத்த கையாயிற்று என்பதுதான் அதில் நமக்குப் பாடம்.

இன்னொரு பாடம் பிரிட்டனில் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் மரத்துக்குப் பஞ்சம் வந்தபோது, அந்நாட்டு சர்க்கார் 1942-ல் மரச்சாமானுக்கும் ரேஷன் வைத்தது. எளிமையான, உறுதியான கட்டில், மேஜை, அலமாரிகளுக்கு சர்க்காரே மாதிரி வகுத்து, விலையும் நிர்ணயித்தது. குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் முன்னுரிமை தந்தது. 1952 வரை அந்தத் திட்டம் நீடித்தது. ஏழை வீட்டுக்கு உள்ளே என்ன இருக்கவேண்டும் என்பதும் சர்க்கார் யோசிக்கவேண்டிய விஷயம் என்று ஒரு காலத்தில் ஒரு நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலோ வீட்டுத் திட்டம் என்றால் சுவரும் கூரையும்தான். கேரளத்தின் ‘லைப்’ திட்டத்தில் பொதுவாக 4 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. அதில் வீட்டை முடிப்பதே பெரும்பாடு. சாவி கையில் வரும் அன்று உள்ளே ஒரு பாய்கூட இருப்பதில்லை. தவணைக்காரன் அந்த வாசலில்தான் காத்திருக்கிறான்.

சிக்கனம் நம் கூரைக்குப் பதிலாகாது

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். “இவர்கள் பழையதை வைத்துக்கொண்டே சந்தோஷமாக இருப்பார்கள், புதிது எதற்கு?” என்று முதலாளியும் அதிகாரியும் நினைக்க நாம் இடம் கொடுக்கக்கூடாது. கட்டிலைப் பழுது பார்ப்பது நம் திறமை. லயத்தைப் பழுது பார்ப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வீடு கட்டித் தரும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஆனாலும் மூணாறு, பீர்மேடு பக்கம் ஒரு அறையும் ஒரு சமையற்கட்டுமான லயங்களில் மூன்று தலைமுறை படுத்து எழுந்திருக்கிறது.

2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்த நம் பெண்கள், பெம்பிளை ஒருமைப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டபோது அந்த லயங்களைப் பற்றியும்தான் பேசினார்கள். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். அந்த வீடுகளிலும் நம் தாய்மார்கள் துடைத்துத் துடைத்து வைத்த கட்டிலும் பீரோவும் இருந்திருக்கும். கூரை நிற்கும் இடம் பத்திரமில்லாதபோது கட்டில் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்?

நம் கோவிந்தாபுரத்திலேயே பாருங்கள். 2017 ஜூன் மாதம் அம்பேத்கர் காலனியின் பெயர் கேரளப் பத்திரிகைகளில் அடிபட்டது. டீக்கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் தங்களுக்கு வேற்றுமை காட்டப்படுவதாக அங்குள்ள சக்கிலியர் சமூக மக்கள் புகார் சொன்னார்கள். ஒழுகும் வீடுகளையும், ஒரே வீட்டில் பல குடும்பம் நெருக்கியடித்துப் படுப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். பழைய டம்ளரில் டீ குடிப்பது ஏழ்மை. ஜாதி பார்த்துத் தனியாக வைத்த டம்ளரில் டீ குடிக்கச் சொல்வது அநீதி. முன்னதை நாம் சிரித்துக்கொண்டே சமாளிக்கலாம். பின்னதைச் சமாளிக்கக்கூடாது, எதிர்க்கவேண்டும்.

பழைய சாமான் எடுத்துச் செல்லும்போது இன்னொரு தொல்லையும் நமக்கு உண்டு. 2024 நவம்பரில் ஆலப்புழைப் பக்கம் திருட்டுகள் நடந்தபோது ‘குறுவாக் கூட்டம்’ என்ற பீதி பரவி, தமிழ் பேசிக்கொண்டு ஆக்ரி எடுப்பவன் என்றாலே சந்தேகப் பார்வை விழுந்தது. ஆகவே கடையில் வாங்கினாலும் வீட்டில் வாங்கினாலும், சாமான், விலை, தேதி, விற்றவர் கையெழுத்தோடு ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது வழிமறித்தால் கைகட்டி நிற்கவேண்டியதில்லை, சீட்டைக் காட்டுங்கள். போலீஸ் மிரட்டினால் தனியாகப் பேசாமல் சங்கத் தோழர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நாம் செய்யவேண்டியது

ஒவ்வொரு கிளையும் நான்கு காரியம் செய்யலாம் என்று நினைக்கிறோம். பெரிய பணம் தேவையில்லை.

ஒன்று: ஒரு பொதுக் கருவிப் பெட்டி. ரம்பம், இழைப்புளி, உளி, சுத்தியல், திருப்புளி, துளை போடும் மிஷின், உப்புத்தாள். சந்தாப் பணத்தில் வாங்கி, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய்த் திருப்பித் தரும்படி வைக்கலாம்.

இரண்டு: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழுது பார்க்கும் நாள். மர வேலையும் வெல்டிங்கும் ஒயரிங்கும் தெரிந்தவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் ஒரு நாள் சொல்லிக் கொடுக்கட்டும். பையன்களோடு பெண் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும். தொழிலாகப் பின்னால் உதவும். கற்றுக் கொடுப்பவருக்கு அன்றைய கூலியைக் கிளை கொடுக்கவேண்டும். நம்மவன் உழைப்பை நாமே சும்மா வாங்கக்கூடாது.

மூன்று: ஒரு நோட்டுப் புத்தகம். யார் வீட்டில் உபயோகமில்லாத தொட்டில், நாற்காலி, மேஜை இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்று எழுதி வைக்கலாம். ஊருக்குத் திரும்பும் குடும்பம் அவசரத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போகாது. புதிதாக வரும் குடும்பம் தரையில் படுக்காது.

நான்கு: வீட்டுத் திட்டத்தில் வீடு பெறும் குடும்பத்துக்கு அடிப்படைச் சாமான் வாங்க ஒரு சிறு தொகை சேர்த்துத் தரவேண்டும் என்று ஊராட்சிக்கும் சர்க்காருக்கும் மனுக் கொடுக்கவேண்டும். ஒரு கட்டில், ஒரு படிப்பு மேஜை, ஒரு அலமாரி. இதற்கு மேல் இப்போது கேட்கவில்லை.

தோழர்களே! அடுத்த முறை ஒரு பழைய கட்டில் நம் தெருவுக்குள் வரும்போது, எச்சில் என்று சிரிக்கவேண்டாம். ஒரு பக்கம் கை கொடுத்து இறக்கி வையுங்கள். தவணைத் தாளில் கையெழுத்துப் போடாமல் ஒரு குடும்பம் தப்பித்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கட்டிலை இறக்கிய கையோடு, அந்த வீட்டுக் கூரையையும் ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள். ஒழுகினால், அதற்கான மனுவை அன்றைக்கே எழுதுவோம்.